கட்டு சிஸ்டரும் இடுப்புப் பையனும்

கிரிக்கெட்டில் ஓர் அணிக்கு எத்தனை பேர் என்றே தெரியாமல், உலகத்திலுள்ள எல்லா அணிகளைப் பற்றியும் திடமான அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே பிறவி எங்கள் கட்டு சிஸ்டர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது வரும். மரக்காணம் பக்கத்து உப்பளக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் அவர் கட்டு சிஸ்டர். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். நான் அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் மருந்து சார். அங்கே யாரும் யாருக்கும் அதற்கு மேல் பெயர் செலவழிப்பதில்லை.

மத்தியானம் கூட்டம் வடிந்ததும் சிஸ்டர் சோற்று டப்பாவைத் திறந்து, போனில் விளையாட்டுச் செய்தியைத் திறப்பார். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதையெல்லாம் விரலால் தள்ளிவிடுவார். யாருக்கு எங்கே அடி என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஆட்டக்காரர்களை அவர் பெயரால் அறியமாட்டார். உறுப்பால் அறிவார். கீப்பர் ஒருவர் ‘முட்டி’. ஒரு தொடக்க ஆட்டக்காரர் ‘தோள்பட்டை’. நம் ஊர்க்காரர்கள் உயிரை விடுகிற அணியின் வேகப்பந்து வீச்சாளர் ‘இடுப்புப் பையன்’.

ஒருமுறை அந்த அணி கோப்பையை வென்று ஊரெல்லாம் வெடி வெடித்தது. மறுநாள் காலை சிஸ்டர் பையை மாட்டிவிட்டு என்னிடம் கேட்டார்.

“மருந்து சார், ராத்திரி எதுக்கு அவ்ளோ வெடி?”

“நம்ம டீம் ஜெயிச்சிடுச்சி சிஸ்டர்.”

“அப்படியா. முட்டிக்கு ஐஸ் வெச்சாங்களா?”

கால்பந்தில், லேசாகத் தட்டினாலே தரையில் உருண்டு நடிக்கிறார்கள் என்று உலகமே திட்டுகிற வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்து ஒரே ஆதரவாளர் சிஸ்டர்தான். “அடிபட்டா அப்படித்தான் உருளணும். வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லணும். நம்ம ஆளுங்க இருக்கானுங்களே, வெரல் தொங்கும்போது வந்து, சும்மா ஒரு மாத்திரை குடுங்கன்னு நிப்பானுங்க.” சதுரங்கத்தில் நம் பையன் ஒருவன் பெரிய ஆட்டக்காரரைத் தோற்கடித்த அன்று, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “கழுத்து போயிடும்” என்றார். கபடியை அவரால் பார்க்கவே முடியாது. “ஏழு பேரு சேர்ந்து ஒருத்தன் மேல விழுறானுங்க. இதுக்குக் கேஸு கெடையாதா சார்?”

ஒருநாள் செய்தியில் ‘டிரஸ்ஸிங் ரூமில் மோதல்’ என்று வந்தது. சிஸ்டர் அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் வருத்தமாக இருந்தார். “டிரஸ்ஸிங் ரூம்ல எதுக்கு சார் சண்டை? காயத்தைக் கட்டினமா, அனுப்பினமான்னு இருக்கணும்.” ஆட்டக்காரர்களின் டிரஸ்ஸிங் ரூமும் தம்முடைய அறையைப் போலவே பஞ்சும் கட்டுத்துணியுமாக இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். டாக்டரம்மா உள்பட யாருக்கும் அதைத் திருத்த மனம் வரவில்லை.

இந்தப் பேச்சால் நோயாளிகளுக்கு நன்மை உண்டு. கட்டைவிரலில் தூண்டில் முள் ஏறி ஒருவர் கடற்கரையிலிருந்து வருவார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கீப்பர் ஒருவருக்கு விரல் உடைந்த கதையைத் தொடங்குவார். எந்த விரல், எத்தனை துண்டு, எத்தனை வாரம் ஓய்வு. “அவ்ளோ பெரிய ஆளுக்கே ஒன்றரை மாசம் ரெஸ்ட்டு. நீ நாளைக்கே வலை இழுக்கப் போவியா?” என்பார். “அவன் வசதியானவன் சிஸ்டர்” என்று அவர் பதில் சொல்லி முடிக்கும்போது முள் தட்டில் கிடக்கும்.

சிஸ்டரோடு சரிக்குச் சரி வாதாடக்கூடியவர் உப்பள மேஸ்திரி ஒருவர்தான். ஐம்பது வயது. மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கு என் ஜன்னலுக்கு வருவார். நம் அணி ஆடுகிற நாளில் உப்பளத்து வரப்பில் காதில் போனை வைத்துக்கொண்டே நடந்து, இரண்டு முறை பாத்திக்குள் விழுந்திருக்கிறார். ஒவ்வொரு பந்தும் அவருக்கு மனப்பாடம். சிஸ்டருக்கு ஒரு பந்தும் தெரியாது. ஆனாலும் வாதத்தில் ஜெயிப்பது சிஸ்டர்தான்.

“அந்த இடுப்புப் பையன் ஓடி வர்றதே சரியில்ல மேஸ்திரி. ஒரு பக்கமா சாயறான். உட்கார வையுங்க.”

“நான் எங்க சிஸ்டர் உட்கார வைக்கிறது? போன மேச்சுல நாலு விக்கெட்டு எடுத்தான்.”

“நாலு எடுத்தா இடுப்பு சரியா இருக்குதுன்னு அர்த்தமா?”

அடுத்த வாரமே அது நடந்தது. பந்தை வீச ஓடி வந்த பையன் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். வலி மூன்று ஆட்டமாகவே இருந்ததாம். யாரிடமும் சொல்லாமல் மறைத்து ஆடியிருக்கிறான் என்று மறுநாள் செய்தி வந்தது. மேஸ்திரி மாத்திரை வாங்க வந்தபோது துக்க வீட்டிலிருந்து வருகிறவர்போல இருந்தார். சிஸ்டருக்கோ கோபம். மூன்று நாள் அந்தப் பையனைத் திட்டித் தீர்த்தார். ஊசி போடும்போது திட்டினார், தையல் பிரிக்கும்போது திட்டினார். “பொய் சொல்லிட்டு எறங்கியிருக்கான் சார். ஒடம்பு யாருது? அவனுதுதானே?”

நாலாம் நாள் செல்வி வந்தார்.

செல்விக்கு நாற்பது வயது இருக்கும். மேஸ்திரியிடம்தான் வேலை. விடியற்காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்று உப்பை வாரி, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிற வேலை. வலது காலில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதற்கு மேல் துணியைக் கட்டி, அதற்கு மேல் சணல் கயிறு போட்டு இறுக்கியிருந்தார். சிஸ்டர் வழக்கம்போல ஏதோ ஒரு தோள்பட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே கயிற்றை அறுத்தார். துணியைப் பிரித்தார். கவரை எடுத்தார். பேச்சு நின்றுவிட்டது.

அந்த அறையில் பேச்சு நின்று நான் அதுவரை கேட்டதில்லை. மாத்திரை எண்ணுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். குதிகாலில் பாதி உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

“எத்தினி நாளா?”

“நாலு நாள் சிஸ்டர்.”

“கால் மூணு வாரம்னு சொல்லுது.”

செல்வி சுவரைப் பார்த்தார். ரத்தம் சோதித்ததில் சர்க்கரை ஏறிக் கிடந்தது. அது அவருக்கே தெரியாது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் இந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் நின்றால், காலின் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரலாம். புண் ஆறும்வரை தண்ணீர் படவே கூடாது.

டாக்டரம்மா போனதும் செல்வி சொன்னார். “அவங்க சொல்றது சரிதான் சிஸ்டர். நான் உட்கார்ந்தா என் எடத்துல வேற ஆள் போட்டுடுவாங்க. மழை வந்துட்டா வேல நின்னுடும். அடுத்த சீசனுக்கு யார் இருக்காங்களோ அவங்களத்தான் கூப்பிடுவாங்க. வீட்டுக்காரரு இல்ல. பொண்ணு நர்சிங் படிக்கிறா. நீங்க நல்லா இறுக்கிக் கட்டிடுங்க, தண்ணி போகாத மாதிரி.”

சிஸ்டர் குழியைக் கழுவி, மருந்து வைத்து, கட்டிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தார். போனைத் திறக்கவில்லை.

“மருந்து சார், அந்தப் பையன் ஏன் பொய் சொன்னான்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது.”

“ஏன்?”

“உட்கார்ந்தா எடம் போயிடும். அதான்.” கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். “பாவம், மூணு நாளா அவனத் திட்டிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் குடை, தோளில் கட்டுச் சாமான் பை. “வண்டிய எடுங்க” என்றார். எங்கே என்று கேட்க நினைப்பதற்குள் பின்னால் ஏறி உட்கார்ந்து, வெயிலுக்குக் குடையையும் விரித்துவிட்டார். உப்பளத்து வரப்பு என்பது இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு முழம் மண். கடல் காற்று குடைக்குள் புகுந்து வண்டியை ஒருபக்கமாக இழுத்தது. “குடைய மடக்குங்க சிஸ்டர், விழுந்துடுவோம்” என்றேன். “விழுந்தா நான்தான் பக்கத்துலயே இருக்கேனே” என்றார்.

மேஸ்திரி உப்பு மேட்டின் பக்கத்தில் நின்றிருந்தார். கீழே பாத்தியில் எட்டு, ஒன்பது பெண்கள். அவர்களில் செல்வியும் இருந்தார். சிஸ்டர் போட்ட கட்டின் மேல் புதிதாக ஒரு பிளாஸ்டிக் கவர். எங்களைப் பார்த்ததும் இன்னொருத்திக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். சிஸ்டர் பார்க்காததுபோல மேஸ்திரியிடம் போனார்.

“உங்க இடுப்புப் பையன் எப்படி இருக்கான் மேஸ்திரி?”

மேஸ்திரியின் முகம் தொங்கிவிட்டது. “ஆபரேஷனாம் சிஸ்டர். ஒரு வருஷம் போச்சு. முன்னாடியே சொல்லியிருந்தான்னா ரெண்டு மேச்சு உட்கார வெச்சிருப்பாங்க, முடிஞ்சிருக்கும்.”

“எடம் போயிடும்னு பயந்துட்டான்.”

“அதெப்படி போவும்? நல்லா ஆடுற பையனுக்கு எடத்தப் புடிச்சு வெச்சிருக்க மாட்டாங்களா? வந்து எங்ககிட்ட சொல்லுடா, ஒன் எடம் ஒனக்குத்தான்னு முன்னாடியே அவனுக்குத் தைரியம் சொல்லியிருக்கணும். அவன் மேல தப்பே இல்ல சிஸ்டர். மேனேஜ்மென்ட்டு சரியில்ல.”

சிஸ்டர் குடையை மடக்கினார்.

“இங்க மேனேஜ்மென்ட்டு யாரு மேஸ்திரி?”

“இங்கயா? நான்தான்.”

“செல்வி, மேல வாம்மா.”

செல்வி தயங்கித் தயங்கி வந்தார். சிஸ்டர் அவரை உப்பு மூட்டையின் மேல் உட்கார வைத்து, கவரை எடுத்து, கட்டைப் பிரித்து, மேஸ்திரியைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மேஸ்திரி குனிந்தார். உடனே நிமிர்ந்துவிட்டார்.

“ஏம்மா, எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

பாத்தியிலிருந்த ஒரு பெண்தான் பதிலுக்குக் கேட்டாள். “சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப மேஸ்திரி?”

மேஸ்திரி நல்ல மனிதர். அதனால் பொய் சொல்லத் தெரியாமல் நின்றார். வேறு ஆள் போட்டிருப்பார். அது அவருக்கும் தெரியும், பாத்தியில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். சிஸ்டர் பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மூட்டை தைக்கிற ஷெட்டுல உட்காரட்டும்” என்றார் மேஸ்திரி கடைசியில். “அங்க தண்ணி கெடையாது.”

“கூலி?”

“அதே கூலிதான். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்.”

“கால் ஆறினப்புறம்?”

“இதே பாத்தி. அவ எடம் அவளுக்குத்தான்.”

“அத என்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க.”

மேஸ்திரி செல்வியைப் பார்த்து அதையே இன்னொருமுறை சொன்னார். செல்வி தலையாட்டினார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று வாரமாக அந்தக் காலோடு நின்றபோது அழாதவர்.

நாங்கள் கிளம்பும்போது மேஸ்திரி வண்டிக்குப் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சிஸ்டர், நம்ம பையன் மறுபடி பழையபடி போடுவானா?” என்று கேட்டார்.

“எலும்பு கூடினா போடுவான். அவசரப்படுத்தாதீங்க” என்றார் சிஸ்டர், அந்தப் பையன் மேஸ்திரியின் பொறுப்பில் இருப்பதுபோல. மேஸ்திரியும் சரி என்று ஒப்புக்கொண்டார்.

குழி மூட ஒன்பது வாரம் ஆனது. நடுவில் ஒருமுறை சீழ் வைத்து, எல்லோரையும் பயமுறுத்தியது. சர்க்கரை மாத்திரையை நான் ஒவ்வொரு முறையும் எண்ணிக் கொடுத்து, விழுங்குகிறவரை ஜன்னலை விட்டு நகர விடவில்லை. மழைக்கு இரண்டு வாரம் முன்னால் செல்வி தம் பாத்தியில் இறங்கினார். காலில் மேஸ்திரி வாங்கி வந்த ரப்பர் பூட்ஸ், இரண்டு சைஸ் பெரிது. நடந்தால் தனியாக ஒரு சத்தம் வரும். அந்த சீசனில் டிரஸ்ஸிங் ரூமுக்கு உப்பளத்திலிருந்து வந்த கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சின்ன வெடிப்புக்கும், சின்னக் கீறலுக்கும் மேஸ்திரியே ஆள் அனுப்பினார். ஒருமுறை தாமே கையில் கீறலோடு வந்து வரிசையில் நின்று, எத்தனை நாள் ரெஸ்ட் என்று கேட்டார். சிஸ்டர் பார்த்துவிட்டு, “ஒரு ஓவர்” என்றார். அவர் சொன்ன ஒரே கிரிக்கெட் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் அவருக்கு வானூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகரும்போது தலையை வெளியே நீட்டி, “மருந்து சார், சாயங்காலம் நியூஸ் பாருங்க, அந்தச் சின்னப் பையனுக்குக் கை...” என்றார். மீதியை ஹாரன் விழுங்கிவிட்டது. அன்று சாயங்காலம் எல்லா விளையாட்டுச் செய்தியையும் வரி விடாமல் படித்தேன். எந்தச் சின்னப் பையன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

புதிதாக வந்த சிஸ்டர் கெட்டிக்காரர். கை வேகம், அளவான பேச்சு, ஒரு குறை சொல்ல முடியாது. முதல் நாள் காலை பக்கத்து அறையிலிருந்து கத்தரிக்கோல் சத்தமும், நோயாளிகள் வலியில் முனகும் சத்தமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. பத்து மணிவரை பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் எழுந்து போய், கட்டு சிஸ்டர் இருந்தவரை திறந்தே கிடந்த நடுக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.