பேட்டரிக்காரரின் புதுக் கட்டைகள்

பேட்டரிக்காரரைப் போல ஒரு பிசினாறி தர்மபுரி மாவட்டத்தில் பிறந்ததில்லை. இனியும் பிறக்க வேண்டாம்.

எண்பதுகளில் பாப்பாரப்பட்டியில், வரிசையாக இருந்த வாடகை அறைகளில் அவருக்கு அடுத்த அறை என்னுடையது. விதைக் கிடங்கில் வேலை பார்த்தார். பெயரை யாரும் கேட்டதில்லை. அவரிடம் ஆறு பேட்டரிக் கட்டை போடும் டேப் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. கரண்டில் போட்டால் சூடாகி மெஷின் கெட்டுவிடுமாம். அந்த ஆறு கட்டையும் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஆள் உயிரோடு இருந்தார்.

சத்தம் கட்டையைத் தின்னும் என்று குமிழை ஒன்றுக்கு மேல் திருப்பமாட்டார். பாட்டு கேட்க அவர் தலையோடு தலை ஒட்ட வேண்டும். கேசட்டைப் பின்னால் ஓட்டப் பொத்தானைத் தொடமாட்டார்; பென்சிலைச் செருகிக் கையால் சுற்றுவார். தூசி இருந்தால் மோட்டார் திணறும் என்று தினமும் பஞ்சால் துடைப்பார். பல்லைக்கூட அப்படித் தேய்த்ததில்லை. காலையில் தெம்பு ஏறுவதற்காக ஆறு கட்டையும் மாடியில் வெயில் காயும். எவருடைய புடவை நிழல் விழுந்தாலும் சண்டைதான்.

இதற்கு நடுவில், டப்பாவில் ஆறு புதுக் கட்டைகளைப் பஞ்சு சுற்றிப் பூட்டி வைத்திருந்தார். எப்போது போடுவீர்கள் என்றால், "நேரம் வரணுங்க" என்பார்.

துபாய் போன என் தம்பியிடமிருந்து எட்டு மாதமாகச் சேதி இல்லை. ஒருநாள் அவன் பேசிய கேசட் வந்தது. அவன் செத்துவிட்டான், நாங்கள் மறைக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருந்த அம்மா, எங்கள் ஊர் இண்டூரிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குக் காது மந்தம். பேட்டரிக்காரர் கேசட்டைப் போட்டு, வழக்கம்போல சத்தத்தை ஒன்றில் வைத்தார்.

"யோவ், சத்தம் வைய்யா. இல்லன்னா பொட்டிய ஏரியில வீசிருவேன்" என்றேன்.

திருப்பினார். காய்ந்து காய்ந்து செத்த கட்டைகள். தம்பியின் குரல் எருமை முனகுவதுபோல இழுத்துக்கொண்டு வந்தது.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. "இது எம்பையன் இல்லீங்க. யாரையோ பேச வெச்சு ஏமாத்துறீங்க."

பேட்டரிக்காரர் எழுந்துபோய் டப்பாவைத் திறந்தார். ஆறு புதுக் கட்டையையும் போட்டார். சத்தத்தைக் கடைசிவரை திருப்பினார்.

"ஆத்தா, நல்லாருக்கேன். வூட்டுக் கூரைய மாத்துனீங்களா?"

"அவந்தான்" என்று அம்மா அழுதாள். "இன்னொருக்கா வைங்க சாமி."

நான் பென்சிலைத் தேடினேன். அவர் பொத்தானை அமுக்கினார். அம்மா போதும் என்கிற வரைக்கும் ஓடட்டும் என்று சொன்னார். அம்மா போதும் என்று சொல்லவேயில்லை. சாயங்காலம் புதுக் கட்டைகளும் எருமையாகிவிட்டன.

மறுநாள் மாடியில் பன்னிரண்டு கட்டைகள் காய்ந்தன. ஒரு புடவை நிழல் அவற்றின்மேல் விழுந்தது. சண்டைக்குப் போனது நான்.