பன்றி புகுந்த பரீட்சை

கொல்லிமலை, திருப்புலி நாடு,
12-3-1936.

மகாராஜராஜஸ்ரீ துறையூர் மச்சான் சின்னுசாமி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் அர்த்தனாரி தலை குனிந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். உடம்பைப் பற்றி மட்டும்தான் அப்படிச் சொல்ல முடிகிறது. அவ்விடம் நீங்களும் அக்காள் அம்சவேணியும் குழந்தைகளும் நலமாக இருக்க அறப்பளீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அக்காளுக்கு வாசித்துக் காட்டும்போது, கவர் என்ற சொல் வந்ததும் இருமிவிட்டு நிறுத்திவிடுங்கள். என்னைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருப்பவள் இப்போது அவள் ஒருத்திதான்.

போன மாதம் எழுதிய கடிதத்தில், என் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரும் பாஸ் செய்வார்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அதைக் கடைத்தெருவில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டியதாக அக்காள் எழுதினாள். தயவுசெய்து அந்த நாலு பேரிடமும் அது வேறு ஓர் அர்த்தனாரி என்று சொல்லிவிடுங்கள். நடந்தது என்னவென்றால், இந்த வருஷம் எங்கள் சரகத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே அச்சடித்த கேள்வித்தாள், அரக்கு முத்திரை வைத்து வரும், பாதிப் பேராவது தேறாத பள்ளிக்கூடத்தை எடுத்துவிடுவோம் என்று உத்தரவு வந்தது. அந்த நேரம் பார்த்து, பரீட்சை தன்னுடையது என்று பிள்ளை நினைத்துவிட்டால் பாதிப் பாடம் படித்த மாதிரி என்று ஆசிரியர்களுக்கான மாதப் பத்திரிகை ஒன்றில் யாரோ எழுதியிருந்தார். மறுநாளே வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இது இன்ஸ்பெக்டர் பரீட்சை இல்லை, என் பரீட்சையும் இல்லை. உங்கள் பரீட்சை. உங்கள் காட்டை எப்படிப் பார்த்துக்கொள்வீர்களோ அப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். சும்மா பேச்சுக்குச் சொன்னேன் மச்சான். அவர்கள் கேட்டுக்கொண்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கோழி கூவுகிறதற்கு முன்னால் கதவைத் தட்டுவார்கள். "ஏனுங்க வாத்தியாரே, இன்னும் எந்திரிக்கலீங்களா? எங்க பரீட்சைக்கு நாளாகுதுங்க" என்பாள் பாவாயி. பதினோரு வயது, கேழ்வரகுக் காட்டுக்காரர் மகள், கணக்கில் கெட்டி. கணக்கு அவள் பொறுப்பு, பூகோளம் மாதன் பொறுப்பு, வாசிப்பு இருசாயி பொறுப்பு என்று காட்டைப் பங்கு பிரித்த மாதிரி பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வராததை மற்றவர் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் எழுதும்போது அடுத்தவர் கற்பலகையைப் பார்க்கக் கூடாது; பார்த்தால் அதற்குப் பெயர் 'பன்னி புகுந்தது.' இங்கே விளைச்சலை ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டுப் போவது காட்டுப்பன்றிதானே, அதனால் அந்தப் பெயர். யாராவது ஓரக்கண்ணால் பார்த்தால் பத்துப் பேரும் சேர்ந்து "பன்னி! பன்னி!" என்று கத்துவார்கள். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எல்லாம் என் சாமர்த்தியம் என்று பூரித்தேன். அந்தப் பூரிப்பில்தான் உங்களுக்கு அந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை நானே ஒரு மாதிரிப் பரீட்சை வைத்துப் பார்த்தேன். பதினொரு பேரில் தேறியவர்கள் நாலு பேர். மணிக்கு இருபது மைல் போகும் ரயில் ஐந்து மணி நேரத்தில் எத்தனை மைல் போகும் என்ற கேள்விக்கு மாதன், "ரயில் மலை ஏறாதுங்க" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடம் போய்விடும், நான் துறையூர்த் தெருவில் தலைகாட்ட முடியாது என்று பயந்துவிட்டேன். முத்திரை வைத்த கவர் வெள்ளிக்கிழமையே வந்து என் பெட்டிக்குள் இருந்தது. (அக்காளுக்கு இருமவும்.) ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமைச் சோறு பொங்கும்போது அந்த ஆவியில் கவரின் அடிப்பக்கத்தைக் காட்டினேன். முத்திரை அப்படியே இருக்க, கவர் எனக்காகவே காத்திருந்த மாதிரி வாயைத் திறந்தது. ஆறு கணக்கு, ஒரு சொல்வதெழுதுதல். மனப்பாடம் செய்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன். சோறு அடிப்பிடித்துப் போயிற்று. திங்கட்கிழமை அந்த ஆறு கணக்கையும், ஏதோ தற்செயலாகத் தோன்றியதுபோலக் கரும்பலகையில் எழுதி, இருபது தடவை போடச் சொன்னேன். "எதுக்குங்க இதையே திருப்பித் திருப்பி?" என்று பாவாயி கேட்டாள். "மூளைக்கு நல்லது" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் டிப்டி இன்ஸ்பெக்டர் அண்ணாமலை அவர்கள் ஒரு பியூனோடு அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கமாக நடந்தே மலையேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, முத்திரையை உடைத்து, கேள்வித்தாளைக் கொடுத்தார். பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள் மச்சான். பாவாயி பலகைக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்க பரீட்சையிலே பன்னி புகுந்துருச்சுங்க."

இன்ஸ்பெக்டர் சட்டென்று இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். பியூன் தடியை எடுத்துக்கொண்டு கதவுப்பக்கம் ஓடினான்.

"எங்கே பன்றி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வாத்தியாருங்க" என்றாள். "இந்த ஆறு கணக்கும் நேத்தே சொல்லிக் குடுத்துட்டாருங்க. எங்களுக்கு வேற கேள்வி குடுங்க. இதை எழுதினா எங்க பரீட்சை ஆகாதுங்க."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "தற்செயலுங்க ஐயா" என்றேன். "ஆறும் வரிசையா வருமுங்களா தற்செயலு?" என்று மாதன் கேட்டான். சத்தியமாகக் குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஆவி, சோறு, கவர், எல்லாவற்றையும் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னை வெளியே பலா மரத்தடியில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, தானே புதிதாகக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினார். நான் செய்த தப்புக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே பதினொரு குச்சிகள் கீச்சுக் கீச்சென்று எழுதுகிற சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைப் போல என்னை யாரும் இதுவரை திட்டியதில்லை.

ஏழு பேர் பாஸ். பள்ளிக்கூடம் பிழைத்தது. மாதன் பெயில். ஓடி வந்து பலகையைக் காட்டினான்: "நாலு கணக்குத் தப்புங்க. ஆனா பன்னி புகாத தப்புங்க!" அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனார். அவர் எழுதட்டும், அது நியாயம். ஆனால் அந்தப் பிள்ளைகள் முன்னால் இனி எந்த வாயால் பாடம் சொல்வேன்? சொல்லிக்கொடுத்தவன் நான், கேட்டுக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். ஆகையால் வருகிற புதன்கிழமை புளியஞ்சோலைக்கு உங்கள் கட்டை வண்டியை அனுப்பிவையுங்கள். என் வகுப்புப் பையன் முத்தனின் அப்பா என் பெட்டியைத் தலைச்சுமையாக இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் வெல்ல மண்டியில் மூட்டை தைக்கிற வேலையானாலும் சரி, நம்பி ஒப்படைக்க வேண்டியது எதுவும் இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

அக்காளுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், அது பலிக்குமா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தாலும்.

இப்படிக்கு,
முகம் காட்டக் கூசும் மைத்துனன்,
அர்த்தனாரி.

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது பதினொரு பேரும் வந்து நின்றார்கள். தன் அப்பா என் பெட்டியை இறக்கப் போகிற விஷயத்தை முத்தன் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். "பெயிலானவங்க நாலு பேரும் மறுக்காப் படிக்கிறாங்க, நீங்க மட்டும் எறங்கி ஓடினா எப்படீங்க?" என்றாள் பாவாயி. என்னை உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்டார்கள். சாமை எத்தனை நாளில் கதிர் விடும், தரையில் இருக்கும் தடம் எந்த மிருகத்துடையது, இப்படி. எனக்கு மூன்று மார்க்கு. பாஸுக்கு ஆறு வேண்டுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபரீட்சை, அதுவரை நான் மலையை விட்டு இறங்கக் கூடாது. நான் தவறவிட்ட கேள்வி ஒன்று: பலாக்காயைத் தட்டிப் பார்த்தே முற்றியதா என்று எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் உடனே எழுதி அனுப்புங்கள். வேண்டாம், மச்சான், அனுப்பாதீர்கள். நானே தட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.