ஜம்புலிங்கம் மதர்போர்டை வென்ற சருக்கம்

வாழ்க ஜம்புலிங்கம்! தணிகை மலையின் நிழல் சாயும் தெருவில் வீற்றிருந்து, நூலும் தொடாமல் தறி நாடாவும் தொடாமல், திரையிலே கட்டம் கட்டமாய் அன்னமும் யானையும் வரைந்து, ஆர்.கே.பேட்டைத் தறிகளையெல்லாம் ஆட்டிவைக்கும் டிசைன் வேந்தன், தேய்ந்த மவுஸ் ஏந்திய திருக்கரத்தன், மூக்குநுனிக் கண்ணாடியன் வாழ்க! கண்ணுகளா, அவன் போருக்குப் போன கதை இது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். மைத்துனன் பங்காருவின் மகள் தேவிப்பிரியாவுக்கு மலைக்கோயிலில் கல்யாணம். முகூர்த்தச் சேலையை என் தறியிலேயே நெய்வேன் என்று சம்பந்தி வீட்டார் முன்னிலையில் சபதம் செய்துவிட்ட பங்காரு, தறியில் அரக்கு நிறப் பாவுநூல் பூட்டிவிட்டு, டிசைன் வாங்கிப்போகப் பென்டிரைவோடு வந்து குந்தியிருந்தான். மணப்பெண் ஆசைப்பட்ட மயில்களோ, புது டிசைன் சாப்ட்வேரில் மட்டுமே திறக்கும் ஃபைலுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தன. அந்த சாப்ட்வேரோ, பதினோராம் விண்டோஸ் என்னும் பேரரசன் ஆளாத மண்ணில் கால் வைக்காது. பேரரசனோ, "டிபிஎம் எங்கே? செக்யூர் பூட் எங்கே? காவலர் இருவரும் விழித்தெழாமல் யாம் எழுந்தருளோம்!" என்று திரையில் முழங்கி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அக்காவலர் இருவரும் உறங்கியது மதர்போர்டின் வயிற்றுக்குள்ளே. அவர்களை எழுப்ப, கம்ப்யூட்டர் கண்விழிக்கும் கணத்தில் டெலீட் கீயை அழுத்தி, பயாஸ் என்னும் பாதாள நகருக்குள் இறங்கவேண்டும். அழுத்தினான் வீரன். கிருத்திகைக் கூட்டத்துப் பம்பைபோல் படபடவென்று அழுத்தினான். பாதாளக் கதவு திறக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய விண்டோஸே கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து நின்றது.

"பாவா, அந்த கீ உள்ளயே போவல பாரு," என்றான் பங்காரு.

குனிந்து பார்த்தான் வீரன். கீயைச் சுற்றிக் கல்லாய் இறுகியிருந்தது சந்தனம்.

"பிரியா! இதுல யாரு சந்தனம் வெச்சது?"

"நான்தான்," என்று வந்து நின்றாள் மனைவி மோகனப்ரியா. "தறிக்கு வெள்ளிக்கெழம வெக்கல? அதுமாரிதான். மத்த கீயெல்லாம் தட்டிகினே இருக்கீங்க, பொட்டு அழிஞ்சிடுது. நீங்க தொடாத கீயா பார்த்து வெச்சேங்க."

 அவள் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கையே வேலாக வாங்கி, சந்தனக் கோட்டையைப் பெயர்த்தெறிந்து, பாதாள நகருக்குள் பாய்ந்தான் ஜம்புலிங்கம்.

அங்கே டிபிஎம் என்ற பெயரில் ஒருவரும் இல்லை. தெருத்தெருவாய்த் தேடினான். முடிவில், பிடிடி என்ற வேறு பெயர் பூண்டு ஒரு மூலையில் அந்தக் காவலனே ஒடுங்கியிருக்கக் கண்டான்.

"நம்ம கஜபதி மாமா ரேஷன் கார்டுல வேற பேர்ல இருக்கறா மாரி," என்றான் பங்காரு.

அடுத்தவன் செக்யூர் பூட்; தட்டியும் எழவில்லை. குறுக்கே சிஎஸ்எம் என்னும் கிழச்சேவகன், பழைய முறையில் பகுதி பிரித்த ஹார்ட் டிஸ்க்குகளைத் தோளில் சுமந்தே காலம் கழித்த விசுவாசி, வழிமறித்து நின்றான். "தொலைந்தாய், முதியோனே!" என்று அவனை முடக்கி, செக்யூர் பூட்டை எழுப்பி, வெற்றியை முத்திரையிடும் எஃப்-10 கீயை ஓங்கி அழுத்தினான் வீரன்.

திரை இருண்டது. பூட் ஆக டிஸ்க் இல்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. ஆண்டாண்டாய் வரைந்த அன்னங்களும் யானைகளும் இருளில் மறைந்தன.

"செத்துப்போச்சா பாவா? பொண்ணுக்கு நான் இன்னா சொல்லுவேன்?"

ஜம்புலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். அந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாய்ப் படித்தான். படிக்கப் படிக்கத் தெளிந்தது. டிஸ்க் சாகவில்லை. அதன் பழைய பிரிவினை புதுக்காவலருக்குப் புரியவில்லை. புரிந்த ஒரே கிழவனை அவனே வீட்டுக்கு அனுப்பியிருந்தான்!

தலைகுனிந்து கிழவனைத் திரும்ப அழைத்தான். பழைய விண்டோஸ் எழுந்ததும் வரைந்ததையெல்லாம் பென்டிரைவில் பத்திரப்படுத்தி, டிஸ்க்கைப் புதுமுறைக்கு மாற்றி, அதன்பின்பே சேவகனுக்கு மரியாதையாய் ஓய்வு கொடுத்து, காவலர் இருவரையும் எழுப்பி, மீண்டும் எஃப்-10 அழுத்தினான். வாசலில் நின்ற பதினோராம் விண்டோஸ் உள்ளே எழுந்தருளினான்! சிறை உடைந்தது, மயில்கள் தோகை விரித்தன! அவற்றைப் பென்டிரைவில் அடைத்து, சட்டைப்பையைக் கையால் பொத்தியபடி பங்காரு ஆர்.கே.பேட்டை பஸ் ஏற, அன்று மாலையே அரக்குப் பாவில் முதல் மயில் கழுத்தை நீட்டியது.

வென்ற வேந்தன் அரியணையில் சாய்ந்து ஆணையிட்டான்: "பிரியா, இனிமே டெலீட் கீ மேல கை வெக்காத."

"ஆங், சரிங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை, மோகனப்ரியா சந்தனக் கிண்ணத்தோடு வந்து எஃப்-10 கீயில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள்.