கவர் இல்லாத போலீஸ் படம்

பெண்ணின் அப்பா முன்னால் எல்லா ஆண்களும் கொஞ்சம் முட்டாளாகிறார்கள். நான் அதைப் பெரிய திரையில் செய்தேன்.

புக்கிட் ரோத்தானில் எங்கள் கோயில் மண்டபத்தில் சில ஞாயிறு மத்தியானங்களில் பழைய படம் போடுவோம். படத்தைத் தேர்ந்தெடுப்பதும் லேப்டாப்பை இயக்குவதும் என் பொறுப்பு. (பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று கமிட்டி நம்பியது.)

அப்படி ஒரு ஞாயிறன்று என்னைப் பார்க்க மாலதியோடு அவள் அப்பா வந்திருந்தார். கோலா குபு பாரு ஊர்க்காரர், ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன். அவர் சரி என்றால்தான் எங்கள் கல்யாணம். அவரைக் குளிர்விக்க ஒரு போலீஸ் படமாக எடுத்தேன். போஸ்டரில் தொப்பி இருந்தது. படத்தை நான் பார்த்ததில்லை.

தொடங்கிய கொஞ்ச நேரத்தில் திரையில் ஓர் அதிகாரி மேசைக்கடியில் கவர் வாங்கினார். அடுத்து அவருடைய மேலதிகாரி, அதைவிடத் தடித்த கவர். முன்வரிசையில் சார்ஜன் கையைக் கட்டியபடி அசையாமல் இருந்தார். என் கல்யாணம் கண்ணெதிரே கரைந்தது.

அதற்குப் பிறகு கவர் தலைகாட்டிய போதெல்லாம் பட்டனைத் தட்டிக் காட்சியைத் தாண்டினேன். கதாநாயகன் ஊழலோடு போராடிக் களைத்த இன்ஸ்பெக்டர். ஊழலை நான் நீக்கிவிட்டதால் களைப்பு மட்டும் மிஞ்சியது. பெருமூச்சு விட்டார். சோற்றைத் தள்ளி வைத்தார். மறுபடி பெருமூச்சு.

"ஏன் இந்தாளு இப்படி சோர்ந்து கெடக்காரு?" என்றார் பின்னாலிருந்த ஓர் அக்கா.

"இனிப்பு நீரா இருக்கும் லா. ரத்தம் செக் பண்ணணும்" என்றார் பக்கத்து அக்கா. (சர்க்கரை வியாதிக்கு எங்கள் பக்கத்துப் பெயர்.)

கடைசியில் இன்ஸ்பெக்டர், ஒரு பாவமும் அறியாத இன்னொரு பெரிய அதிகாரியை நடுரோட்டில் சுட்டுக் கொன்றார். மண்டபமே திகைத்தது.

விளக்கு எரிந்ததும் சார்ஜன் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, போலீஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே இந்தப் படத்த நெறைய தடவ பார்த்திருக்கேன். கவர் வாங்குற சீனெல்லாம் எங்க?"

"நீங்க போலீசு... மனசு கஷ்டப்படுமேன்னு, மாமா..."

மாலதி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்குனவன் கஷ்டப்படட்டும். நான் ஏன் லா கஷ்டப்படணும்? அதுல அவன் மாட்டுற சீனப் பார்க்கத்தானே ஒக்காந்திருந்தேன்!" மகளிடம் திரும்பினார். "மாப்பிள்ளைகிட்ட அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல படத்த முழுசா போடச் சொல்லு."

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'மாப்பிள்ளை'யை மட்டும் என் காது பிடித்துக்கொண்டது. படத்தை முதலிலிருந்து போட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் மாமனார் வீட்டில் இன்றுவரை டிவி ரிமோட் என் கைக்கு வருவதில்லை. செய்தியில் பெரிய மனிதர் யாராவது ஊழல் வழக்கில் நீதிமன்றப் படியேறினால், மாமா மெல்லத் திரும்பிக் கேட்பார்:

"எப்படி மாப்பிள்ளை, இதையும் தாண்டிடலாமா?"