ஒன்பது ஒன்றுக்குக் கிளம்புகிறவர்

மனிதர்களில் ஊர் சுற்றுகிறவர்கள் ஓர் இனம். ஊர் சுற்றுவதற்குப் புரோகிராம் போடுகிறவர்கள் வேறு இனம். முதல் இனம் மாம்பலத்தில் ரயிலேறி எங்கேயோ போய், வழி தெரியாமல் அலைந்து, கண்டதைத் தின்று, சந்தோஷமாகத் திரும்பி வந்துவிடும். இரண்டாவது இனம் திரும்பி வரும்போதும் கணக்குப் பார்த்துக்கொண்டே வரும். உங்களுக்குக் காட்ட வேண்டியது அந்த இரண்டாவதைத்தான்.

அடையாளம் சுலபம். சட்டைப்பையில் நாலு கலர் பேனா, கையில் கிராஃப் தாள், வாயில் "எதுக்கும் ஒரு மார்ஜின் வேணும்" என்ற மந்திரம். குடும்பத்தை மெரினாவுக்குக் கூட்டிப் போனால் அலையில் கால் நனைக்கப் பன்னிரண்டு நிமிஷம், சுண்டலுக்கு எட்டு, மணலைத் தட்டிக்கொள்ள நாலு. மணலே ஒட்டாதவனுக்கும் நாலுதான். சும்மா நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மயிலாப்பூர் தெற்கு மாடவீதிக்குப் பின்னால் இருக்கும் சுப்பராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் சூப்பரின்டெண்ட். தொண்ணூற்றாறில் குடும்பத்தோடு சிங்கப்பூர் கிளம்பினார். முதல் வெளிநாடு. மனைவி ஹம்சா, பிளஸ் ஒன் படிக்கிற பையன் நிரஞ்சன். பாண்டி பஜார் மாடியில் ஒரு டிராவல்ஸில் பணம் கட்டியாகிவிட்டது. நாலு நாள் தங்க இடம், பஸ், கைடு, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. சும்மா போய் ஏறி உட்கார்ந்தால் போதும்.

சும்மா போய் உட்காருவதா? சுப்பராமனா?

டிராவல்ஸில் கொடுத்த வழவழப்பான தாளில் ஒரு படம் இருந்தது. கடலுக்கு மேலே, கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் ஒரு சிவப்புப் பெட்டி. கேபிள் கார். ஹம்சா அந்தப் படத்தை மட்டும் வெட்டிச் சமையலறை அலமாரிக் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்தாள். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"ஏன்னா, இதுல ஒரு தடவை ஏறிடணும். வேற எதையும் பாக்காட்டாலும் பரவாயில்லை."

"புரோகிராம்ல வரும்" என்றார், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

வந்ததா என்று கேளுங்கள்.

பஞ்சாங்கத்தைப் பிரித்தார் சுப்பராமன். விமானம் ஏறுகிற நேரம் நல்ல நேரம்தான். ஆனால் போய் இறங்கிய பிறகு? சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. சரி, எந்த ஊர் ஏழரை? குளக்கரை ஜோசியரிடம் ஓடினார்.

"எந்த ஊர்ல இருக்கேளோ, அந்த ஊர் சூரியன்தான் கணக்கு" என்றார் ஜோசியர்.

நீங்களும் நானுமாக இருந்தால் தட்சிணையை வைத்துவிட்டு எழுந்து வந்திருப்போம்.

"ஆனா மாமா, ஜாதகம் இங்க கணிச்சதுன்னா?"

ஜோசியர் ஒரு நிமிஷம் வெற்றிலையை அதக்கிக்கொண்டு யோசித்தார். அந்த ஒரு நிமிஷம் போதாதா? மார்ஜினுக்காக இரண்டு ஊர் ராகுகாலமும் இரண்டு ஊர் எமகண்டமும் கிராஃப் தாளில் சிவப்பு மையில் ஏறிக்கொண்டன. திங்கட்கிழமை மட்டும் சிங்கப்பூர் நேரப்படி ஏழரையிலிருந்து ஒன்பது, பத்திலிருந்து பன்னிரண்டு, ஒன்றிலிருந்து இரண்டரை. தாள் அம்மை போட்ட உடம்பு மாதிரி ஆயிற்று.

கேபிள் காருக்கு டிராவல்ஸ் ஒதுக்கியிருந்த நேரம் திங்கள் மதியம் ஒரு மணி. சுப்பராமன் அதை அடித்தார். வருத்தத்தோடுதான் அடித்தார்; ஆனாலும் ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

"வேற நாள் மாத்திக்கப்படாதா?" என்றாள் ஹம்சா.

"மத்த நாள்ல மார்ஜினே இல்லை."

ஹம்சா சமையலறைக்குப் போனாள். படத்தைக் கிழிக்கவில்லை. அது கதவிலேயே இருந்தது.

மறுநாள் புரோகிராமோடு பாண்டி பஜாருக்குப் போனார், ஹம்சாவையும் கூட்டிக்கொண்டு. டிராவல்ஸ் நடத்துகிற ஷாஹுல் ஹமீது திருவல்லிக்கேணிக்காரர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பரீட்சை டைம்டேபிளா?"

"திங்கட்கிழமை பஸ் ஏழரைக்கு வேண்டாம். ஒன்பது ஒண்ணுக்குக் கிளம்பட்டும்."

"ஒம்போது ஒண்ணா! சார், நாப்பது பேரு பஸ்ல குந்திக்கினு இருப்பாங்க சார்."

"நாப்பது பேருக்கும் நல்லதுதானே ஓய்?"

"எனக்குப் புரியுது சார். அந்த ஊரு டிரைவருக்கு யாரு சொல்றது?" ஷாஹுல் ஹமீது ஹம்சா பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களாவது கேட்டுக்கங்க. ஏழரைன்னா ஏழரை. ஒரு நிமிசம் நிக்காது."

ஹம்சா தலையை ஆட்டினாள். சுப்பராமன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. தாளில் அதற்கு இடம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. சிரிக்காதீர்கள், நிஜம். மூன்று பேரும் மூன்று பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கிக் கோயில் குளத்தைச் சுற்றினார்கள். பெட்டியில் கனத்துக்குப் பழைய பேப்பர். வடக்குப் பக்கம் ஏர்போர்ட், கிழக்குப் பக்கம் ஓட்டல். சுப்பராமன் கையில் கடிகாரத்தோடு பின்னால் வந்தார். நாலாவது சுற்றில் பூக்காரி தேவானைக்குத் தாங்கவில்லை.

"இன்னாம்மா, பொட்டியும் கையுமா சுத்திக்கினே கீற? ஐயரோட சண்டையா?"

"சிங்கப்பூர் போறோம் தேவானை."

"குளத்தைச் சுத்திக்கினா வந்துடுமா அது?"

நிரஞ்சன் சிரித்துவிட்டான். ஒத்திகையில் நாற்பது விநாடி நஷ்டம்.

சிங்கப்பூர் வந்தது. திங்கட்கிழமையும் வந்தது. காலை ஏழு இருபத்தைந்து. ஓட்டல் கீழ்த்தளத்து சோபாவில் சுப்பராமன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் சிங்கப்பூர் நேரம் காட்டும் கடிகாரம், வலது கையில் மயிலாப்பூர் நேரம் காட்டும் கடிகாரம். கைடு, தமிழ்மொழி என்று பெயர், அந்த ஊரிலேயே பிறந்த பெண், கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், எல்லாரும் ஏறியாச்சு. நீங்க மூணு பேருதான் பாக்கி."

"ஒன்பது ஒண்ணுக்கு வரோம்மா."

"பஸ் நிக்காது சார்!"

வெளியே ஹாரன் அடித்தது. ஹம்சா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இரண்டு கடிகாரத்தையும் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற? ராகுகாலம் ஹம்சா!"

"நீங்க ஒன்பது ஒண்ணுக்கு வாங்கோ. நானும் இவனும் மார்ஜின்ல போயிண்டிருக்கோம்."

பதினெட்டு வருஷத்தில் அவள் அந்த வார்த்தையை உபயோகித்தது அதுதான் முதல் தடவை. நிரஞ்சன் அம்மாவுக்கு முன்னால் ஓடினான்.

சுப்பராமன் சொன்ன சொல் தவறாதவர். ஒன்பது ஒன்றுக்கு டாக்சியில் கிளம்பினார். முதல் இடத்துக்குப் போவதற்குள் பஸ் அங்கிருந்து போய்விட்டது. மணி பத்தும் ஆகிவிட்டது, சிவப்பு. பன்னிரண்டு வரை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவில்லை, வெளியேயும் போகவில்லை. பன்னிரண்டுக்கு மறுபடி டாக்சி, நடுவில் நெரிசல். கேபிள் கார் நிலையத்தில் இறங்கியபோது மணி ஒன்று மூன்று. மூன்றே மூன்று நிமிஷம். வலது கையைப் பார்த்தார். மயிலாப்பூரில் எமகண்டம் ஆரம்பித்திருந்தது.

அவர் தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பெட்டி மெதுவாகக் கிளம்பிப் போனது. அதற்குள் ஹம்சா. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கீழே கடல், கப்பல், ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனவள், நிழலில் ஒரு தூணோரம் நிற்கிற வெள்ளைச் சட்டையையும் பார்த்துவிட்டாள்.

"நிரஞ்சா, அதோ பாருடா, அப்பா!"

இரண்டு பேரும் கையை ஆட்டினார்கள். வளையல் கண்ணாடியில் பட்டுச் சத்தம் போட ஆட்டினாள். கீழே சுப்பராமன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எண்பத்தேழு நிமிஷம். பச்சை மையில் எழுதிக்கொண்டார்.

இந்த மாதிரி ஆள் நம் வீட்டில் இல்லை என்றுதானே சிரிக்கிறீர்கள்? நல்லது. இதைப் படிக்க உட்கார்ந்தபோது எத்தனை பக்கம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதலில் புரட்டிப் பார்த்தீர்களே, அது யார்? பரவாயில்லை, யாரிடமும் சொல்லப் போவதில்லை. கடிகாரத்தை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். மேலேயிருந்து யாரோ ரொம்ப நேரமாகக் கையாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.