குணாளனின் புதுப் பதிப்பு

உலகில் வேலை செய்கிறவர்கள் உண்டு. செய்யாமல் ஓய்வெடுக்கிறவர்களும் உண்டு. இரண்டிலும் சேராமல், வேலைக்குக் கருவி சேர்த்துக்கொண்டே இருக்கும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. பார்க்க ஆசையென்றால் மலேசியாவில் குளுவாங் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் குணாளனிடம் போங்கள். அவசர வேலை எதையும் கொண்டுபோகாதீர்கள்.

குணாளன் சோம்பேறி அல்ல. அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும். காலையில் எழுந்ததும் தன் எடிட்டிங் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பார், வந்திருந்தால் அதைப் புகழும் யூடியூப்காரர்களைக் கேட்பார், பிறகு இகழ்கிறவர்களையும் கேட்டு, பாவம், விவரம் போதாதவர்கள் என்று இரக்கப்படுவார், அதற்குள் மதியச் சோறு ஆறிப்போயிருக்கும்.

"இப்ப இருக்கிறதுல என்னங்க கொறை?" என்பார் மனைவி யோகேஸ்வரி.

"அது புதுச வாங்கினாத்தான் தெரியும்."

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

குணாளன் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்த லோஷினியின் கல்யாணம் வந்தது. காலையில் கோயிலில் தாலி, இரவு மண்டபத்தில் விருந்து. காலையில் எடுத்ததை வெட்டி ஒட்டி, விருந்தில் பெரிய திரையில் போடுவது இங்கே வழக்கம். அன்று அந்தப் படத்துக்காக ஒருவர் உண்மையாகவே தவித்தார். பெண்ணின் தாய்மாமன் காளிதாஸ். சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் கிளம்பியவர், எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு, கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது தாலி ஏறிவிட்டது. தூக்கி வளர்த்த பிள்ளை. மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

"விடுங்கண்ணே, ராத்திரி டின்னர்ல பெருசா பாக்கலாம் லா," என்று தேற்றியது குணாளன்தான்.

மத்தியானம் படம் முக்கால்வாசி தயார். அப்போது கணினித் திரையின் மூலையில் அந்தச் சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது: புதுப் பதிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் எனக்கும் அது அறிவிப்பு. குணாளனுக்கு அது அழைப்பிதழ். உடனே காசு கட்டினார். புதுப் பதிப்பு வந்து உட்கார்ந்தது, முக்கால்வாசிப் படத்தைத் தன் பாணிக்கு மாற்றிக்கொண்டது, பிறகு இந்தக் கணினி என்னைத் தாங்காது என்று உறைந்துபோனது. பழைய பதிப்போ, மாற்றிய கோப்பைத் திறக்கத் தெரியாது என்று கைவிரித்தது.

"எடுத்தத அப்படியே போட்டுக் காட்டுங்களேன்," என்றார் யோகேஸ்வரி.

"கலர் சரி பண்ணாமயா? மானம் போயிரும்."

இரவு மண்டபத்தில் திரை ஒளிர்ந்தது. மணமக்கள் பெயர் தங்க எழுத்தில் சுழன்றது, மின்னியது, மறுபடி சுழன்றது. புதுப் பதிப்பில் உருப்படியாக வெளிவந்தது அது ஒன்றுதான்.

"இவ்வளவுதானா தம்பி?" என்றார் முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த காளிதாஸ். குணாளன் பிளக்கைச் சரிபார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

லோஷினியின் தோழி ஷர்மினி தன் கைப்பேசியை மாமாவிடம் நீட்டினாள். படம் ஆடியது, யாருடைய முழங்கையோ பாதியை மறைத்தது. ஆனால் தாலி ஏறியது தெரிந்தது. அதற்குச் சற்று முன் லோஷினி தலைநிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடியதும் தெரிந்தது.

"என்னைத்தான் தேடியிருக்கா," என்று மாமா விம்மினார்.

குணாளனுக்கும் கண் கலங்கியது, கல்நெஞ்சக்காரர் அல்லவே. ஷர்மினியிடம் மெதுவாகக் கேட்டார்: "இது எந்த ஆப் மா? காசு கட்டினா இன்னும் நல்லா வருமா?"

"ஆப்லாம் இல்லண்ணே. எடுத்தேன், காட்டுறேன்."

மறுநாள் அவர், புதுப் பதிப்பைத் தாங்கும் கணினி தேடி ஜோகூர் பாரு நகருக்குக் கிளம்பினார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அப்படியே எழுந்து போய், உடம்பைக் குறைக்க வாங்கிப் போட்ட ட்ரெட்மில்லில் காயும் துணிகளை மடித்து வைத்துவிட்டு வாருங்கள்.