பாதி கிளவுடுக்காரர்

திருப்பூரில் இப்போது புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது, கவனித்தீர்களா? கம்பெனித் தகவலைக் கிளவுடுக்குக் கொடுத்துவிட்டு, பிடியை மட்டும் விடாதவர்கள். வீரபாண்டியில் குழந்தைகளுக்கான நைட் டிரஸ் தைத்து ஏற்றுமதி செய்யும் கிட்டுசாமி அந்த இனத்தில் முதல் தரம்.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷாரிக் அவருக்குப் பொறுமையாகத்தான் விளக்கினான். ரகசியத்தைக் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் சொந்த சர்வரில் வைக்கலாம், பலபேருக்கு வேண்டியதை இணையத்தின் வழியே வெளியார் கம்ப்யூட்டரில், அதாவது கிளவுடில் வைக்கலாம், இரண்டும் சேர்ந்ததுதான் ஹைபிரிட் கிளவுடு. கிட்டுசாமிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. உட்கார்ந்து பிரித்தார். சாயக் கணக்கு ரகசியம். சரி. அளவுச் சீட்டு ரகசியம். டெய்லர்களின் லீவுப் பட்டியல்? ரகசியம். கேன்டீனில் என்றைக்கு என்ன குழம்பு?

"பக்கத்து கம்பெனிக்காரன் பாத்துட்டான்னா நம்ம ஆளுகளை இழுத்துருவானுங்க" என்றார்.

கடைசியில் கிளவுடுக்குப் போய்ச் சேர்ந்தது ஆயுத பூஜைப் போட்டோக்கள் மட்டும். சர்வர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தச் சாவியோடு வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சர்வர் நின்றுபோய், அரை நாள் முழுக்க டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதற்கெல்லாம் அசருகிறவரா அவர்?

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சர்வர் அறையின் ஏசி ஒழுகியது. சொட்டுச் சொட்டாக, சரியாக சர்வரின் தலையில். சர்வர் அணைந்துபோயிற்று. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கிவிட்டு அளவுச் சீட்டுக்காகக் காத்து நிற்கிறார். வெள்ளிக்கிழமை கண்டெய்னர் கிளம்பியாக வேண்டும். கிட்டுசாமி ஓடி வந்தார். அயர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டு, துணியாட்டம் இதை உலர்த்தித் தர முடியுமா என்று கெஞ்சினார். ஷாரிக் பதறிப்போய் அயர்ன் பெட்டியைப் பிடுங்கி வைத்தான்.

அப்போதுதான் ஆர்டர்களைக் கவனிக்கும் தபஸ்ஸும் என்ற பெண் வாசலில் வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். அளவுச் சீட்டெல்லாம் கிளவுடுலயும் போட்டு வச்சிருக்கேனுங்க."

"எங்க கண்ணு?"

"ஆயுத பூஜைப் போட்டோ வச்சிருக்கற ஃபோல்டருக்குள்ளங்க. நீங்க வெள்ளகோவில் போயிட்டு வந்ததுல இருந்துங்க."

கோபப்படுவதா, கும்பிடுவதா? கிட்டுசாமி இரண்டையும் தொடங்கி, எதையும் முடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பத்தே நிமிடத்தில் கத்தரிக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை கண்டெய்னரும் கிளம்பியது.

அடுத்த வாரம் முதலாளிகள் கூட்டத்தில் அவர் ஒரு மணி நேரம் பேசினார். "எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கக்கூடாதுங்க, நான் அதை அன்னைக்கே யோசிச்சேனுங்க" என்றார். பக்கத்தில் நின்று திரையில் படங்களை மாற்றிக்கொண்டிருந்த தபஸ்ஸும் அடுத்த படத்துக்குப் போனாள். திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கிளவுடில் இருப்பதற்கு ஒரு நகல் எடுத்து வைக்க இரண்டாவது சர்வர் அறை கட்டச் சொன்னதுதான்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் ஆதார் நகல் பர்சில் ஒன்று, பீரோவில் இரண்டு, கைபேசியில் நான்கு, போதாததற்கு உங்களுக்கு நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டது ஒன்று. அப்படியிருந்தும் போன மாதம் பேங்க் கவுண்டரில் நின்றுகொண்டு, "கண்ணு, அப்பாவோட ஆதாரைக் கொஞ்சம் அனுப்பி வுடு" என்று மகளுக்குப் போன் போட்டது யாருங்க?